ஊசியோடு ஒரு கதைப்புத்தகமும்

முதல் வகைச் சர்க்கரை வியாதி என்று வைத்தியர்கள் பெயரிட்டிருக்கும் நோய் ஏழெட்டு வயதுக் குழந்தை ஒன்றைப் பீடிக்கும்போது, அந்த வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அதைப் பற்றி ஏதேனும் ஒரு விளக்கம் கிடைத்துவிடுகிறது. குழந்தைக்கு மட்டும் கிடைப்பதில்லை. தகப்பனாருக்கு வைத்தியர் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறார். மருந்தை எத்தனை யூனிட் ஏற்ற வேண்டும், ஊசியை எங்கே குத்த வேண்டும், குத்திய பின் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதையெல்லாம் தாயாருக்கு நர்ஸ் நிதானமாகக் கற்பிக்கிறார். பாட்டிக்கு ஜோசியர் கிரக பலன் சொல்கிறார். அண்டை அயலாருக்கோ, 'செல்லம் கொடுத்து இனிப்பாகவே வாங்கிக் கொடுத்திருப்பார்கள்' என்ற முடிவு எவருடைய உதவியும் இல்லாமலே தோன்றிவிடுகிறது. யாருடைய சரீரத்தில் அந்த நோய் குடியேறியதோ, யார் இனி ஆயுள் பரியந்தம் நாள்தோறும் பல வேளை ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமோ, அந்தச் சின்னஞ்சிறு ஜீவனுக்கு, 'அழாதே, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்' என்ற ஒரு வாக்கியத்தோடு சகல உபதேசமும் முடிந்துவிடுகிறது. இன்சுலினை எவ்வளவு கண்ணுங்கருத்துமாகத் தேடிக் கொடுக்கிறோமோ, அவ்வளவு கண்ணுங்கருத்துமாக அந்தக் குழந்தைக்குத் தமிழில் ஒரு கதைப்புத்தகத்தையும் ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்பதும், அந்தப் புத்தகம் குழந்தையிடம் ஒரு பொய்கூடச் சொல்லாததாக இருக்க வேண்டும் என்பதுமே என் அபிப்பிராயம்.

சர்க்கரை வியாதி என்றவுடன், விடியற்காலையில் கைவீசி நடக்கும் பெரியவர்களும், காப்பியில் சர்க்கரை வேண்டாமென்று சொல்லியனுப்பும் உறவினர்களுமே நமக்கு ஞாபகம் வருகிறார்கள். அது இரண்டாம் வகை. இங்கே நான் பேசுவது வேறு. இரைப்பைக்குப் பின்புறமாகக் கிடக்கும் கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் நுண்ணிய உயிரணுக்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் கிருமிகளை அழிப்பதற்கென்றே ஏற்பட்டிருக்கும் நோயெதிர்ப்புச் சக்தி, இன்னும் முழுமையாக விளங்காத காரணங்களால், அந்த உயிரணுக்களையே அந்நியமென்று கருதி அழித்துவிடுகிறது. அதன்பின் உண்ட உணவு சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலந்தாலும், உடம்பின் உறுப்புகளுக்குள் நுழைய வழியின்றி ரத்தத்திலேயே தேங்கி, சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. குழந்தை தின்ற பண்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாய் வளர்த்த விதத்துக்கும் சம்பந்தமில்லை. சர்வதேச நீரிழிவு சம்மேளனம் 2021 இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் 20 வயதுக்குட்பட்டவர்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயோடு வாழ்கிறார்கள். வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இல்லை. ஆகவே இதை எங்கோ ஒரு வீட்டில் எப்போதோ நிகழும் அபூர்வ விஷயமென்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

இந்நோய் வந்து சேரும் விதமே, குழந்தையின் மனத்தில் குற்ற உணர்ச்சியை ஊன்றிவிடும்படி அமைந்திருப்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. முதலில் அடங்காத தாகம் எடுக்கிறது; பாடம் நடக்கும்போது தண்ணீர் குடிக்கவும் வெளியே போகவும் அடிக்கடி அனுமதி கேட்கும் பிள்ளையை, வகுப்பிலிருந்து தப்பிக்க வழி பார்க்கிறான் என்று ஆசிரியர் கடிந்துகொள்கிறார். பல வருஷங்களுக்கு முன்பே படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட குழந்தை மறுபடியும் நனைக்கத் தொடங்குகிறது. 'இத்தனை வயசாகியும் வெட்கமில்லையா' என்று வீட்டில் திட்டு விழுகிறது, சில வீடுகளில் அடியும் விழுகிறது. விளையாடப் போகாமல் சுருண்டு படுத்தால் சோம்பேறி என்ற பட்டம் கிடைக்கிறது. உடம்பு இளைத்து, வயிறு வலித்து, வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, ஒருநாள் நினைவு மங்கும் நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் நோயின் பெயர் தெரியவருகிறது. திட்டு, அடி, அதற்குப் பிறகு ஊசி என்ற இந்தக் கிரமத்தில் நடந்தவற்றைத் தன் சிறு புத்தியால் கோத்துப் பார்க்கும் குழந்தை என்ன முடிவுக்கு வரும்? ஸ்விட்ஸர்லாந்து தேசத்து அறிஞர் ழான் பியாஜே, குழந்தைகளின் தர்ம சிந்தனையைப் பற்றி 1932 இல் வெளியான தம் நூலில் ஒரு பரீட்சையை விவரிக்கிறார். பழம் திருடிவிட்டு ஓடிய ஒரு சிறுவன் உளுத்துப்போன பாலத்தின்மேல் கால் வைக்க, பாலம் முறிந்து அவன் தண்ணீரில் விழுந்தான் என்று குழந்தைகளிடம் சொல்லி, அவன் திருடாமல் இருந்திருந்தால் பாலம் முறிந்திருக்குமா என்று கேட்டபோது, சிறு பிராயத்தினர் பெரும்பாலும் முறிந்திராது என்றே சொன்னார்களாம். மரம் உளுத்துப்போயிருந்தது அவர்களுக்குக் காரணமாகப் படவில்லை. திருட்டுக்குப் பாலமே தண்டனை கொடுத்துவிட்டதாக அவர்கள் கருதினார்கள்.

நம்முடைய கதைச் சம்பிரதாயமும் இந்த எண்ணத்துக்கு வலுவூட்டுவதாகவே இருக்கிறது என்பதை மனக்கஷ்டத்துடன்தான் சொல்கிறேன். பஞ்சதந்திரத்தைக் கேட்டும், அம்புலிமாமா படித்தும் வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தக் கதைகளிடத்தில் எனக்குள்ள பிரியம் சாமானியமானதன்று. ஆயினும் அவற்றில் பேராசைப்பட்ட நரி அடிபடாமல் போவதில்லை. பொய் சொன்ன இடையனின் ஆட்டைப் புலி தின்னாமல் விடுவதில்லை. பெற்றோர் சொல் தட்டிய முயல்குட்டி வலையில் சிக்காமல் இருப்பதில்லை. கஷ்டம் என்று ஒன்று வந்தால் அதற்கு முன்னால் ஒரு குற்றம் இருந்தே தீர வேண்டும் என்பது அக்கதைகளின் கட்டுக்கோப்பு. நல்லொழுக்கத்தைப் போதிப்பதற்கு அது உபயோகமானதுதான். ஆனால் எந்தத் தப்பும் செய்யாமல் ஒரு கஷ்டத்தைச் சுமக்க நேர்ந்த குழந்தைக்கு அந்தக் கட்டுக்கோப்பில் இடமே இல்லை. அது தன்னை அக்கதைகளுக்குள் தேடினால், நரியாகவோ இடையனாகவோதான் தன்னைக் கண்டுகொள்ளும். பெரியவர்கள் வேறு, 'எந்த ஜன்மத்துப் பாவமோ' என்று பெருமூச்சு விடும்போது குழந்தை பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

மாவட்டத் தலைநகர் ஒன்றின் ஆஸ்பத்திரியில், வெளிநோயாளிகள் அமரும் நீண்ட பெஞ்சில் நான் ஒருவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்த ஒரு காலை நேரத்தில், இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படிக்கக்கூடிய பையன் ஒருவனை அவன் தாயார் அழைத்து வந்திருந்தாள். ஒயர் கூடைக்குள் ஈரத்துணி சுற்றிய எவர்சில்வர் டப்பா. அதற்குள் இன்சுலின் பாட்டில். நர்ஸ் அவன் சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்து, ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்திருக்கிறதே, இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டாமா என்று தாயாரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பையன் மெதுவாகக் கேட்டான்: "சிஸ்டர், நான் இனிமே தங்கச்சிய அடிக்கவே மாட்டேன். அப்ப ஊசிய நிறுத்திடுவீங்களா?" தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் ஒரு கணம் கையை நிறுத்திவிட்டு, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, கண்ணு. நீ அடிச்சிருந்தாலும் வந்திருக்கும், அடிக்காம இருந்திருந்தாலும் வந்திருக்கும்" என்றார். பிறகு கையில் இருந்த மருந்துச் சீட்டைப் புரட்டி, அதன் பின்புறத்தில் ஒரு பையனின் உருவத்தை வரைந்து, வயிற்றுக்குள் வாழைப்பூ மடல்போல ஒன்றை வரைந்து, இது தூங்கிப்போய்விட்டது, இது செய்ய வேண்டிய வேலையைத்தான் இந்த ஊசி மருந்து செய்கிறது என்று சொன்னார். வரிசையில் இன்னும் அநேகம் பேர் காத்திருந்தார்கள். அதற்குமேல் அவரால் நேரம் செலவிட முடியவில்லை. பையன் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நடந்தான். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வந்ததும் தாயார் அதை அவன் கையிலிருந்து வாங்கி உள்ளே நீட்டினாள். உள்ளே போன சீட்டு திரும்பி வரவில்லை.

அவனுக்கு வேண்டியது யாரும் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போகாத சில பக்கங்கள். ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் மேஜைகளிலும் காணப்படுகிற துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. நடைப்பயிற்சி செய்க, எண்ணெயைக் குறைக்க, பாதத்தைப் பேணுக என்று சொல்பவை. ஏழு வயதுப் பையன் அவற்றில் தன்னைப் பற்றி ஒரு வரியும் காண மாட்டான். மேல்நாடுகளில் இந்தக் குறையை உணர்ந்து காரியம் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கிம் காஸ்லின் என்னும் எழுத்தாளர், நாட்பட்ட நோயுள்ள பிள்ளைகளின் தாயாக இருந்த அனுபவத்திலிருந்தே, நீரிழிவு உள்ள குழந்தை பள்ளிக்கூடம் போவதைப் பற்றிய சிறுவர் புத்தகம் ஒன்றை எழுதினார். வேறு நோய்களைப் பற்றியும் அந்த வரிசையில் புத்தகங்கள் வந்தன. பின்னர் டிஸ்னி நிறுவனமும் லில்லி மருந்துக் கம்பெனியும் சேர்ந்து, கோகோ என்ற குரங்குக்குட்டிக்கு முதல் வகை நீரிழிவு இருப்பதாகப் பாவித்துப் படக்கதைகளை வெளியிட்டன. இவை போற்றத்தக்க முயற்சிகளே. ஆனாலும் அவற்றை அப்படியே தமிழில் பெயர்த்துத் தந்துவிட்டால் போதுமென்று நான் எண்ணவில்லை. அந்தப் புத்தகங்களில் மருந்து குளிர்பதனப் பெட்டியில் இருக்கும். பெட்டி இல்லாத நம் கிராமத்து வீட்டிலோ, மண்பானைக்குள் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஒரு டப்பாவை நனையாமல் வைத்து, சமையல் அடுப்புக்கு எட்ட இருக்கும் மூலையில் அதைப் பாதுகாக்கிறார்கள். அந்தப் புத்தகத்துக் குழந்தை எண்ணிச் சாப்பிடுவது ரொட்டித் துண்டு; நம் குழந்தை எண்ண வேண்டியது இட்டலி. அங்கே பிறந்தநாள் கேக். இங்கே தை முதல் நாளில் தெருவெல்லாம் மணக்கும் சர்க்கரைப் பொங்கலும், கோயிலில் உள்ளங்கையில் வைக்கும் பஞ்சாமிர்தமும். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு என்ன செய்வது என்று தவிக்கும் குழந்தைக்கு, அளவு தெரிந்து, அதற்கேற்ற மருந்து போட்டுக்கொண்டால் ஒரு வாய் சாப்பிடலாம் என்று சொல்லும் கதையை, இந்த மண்ணில் வாழ்கிறவர்களே எழுத முடியும்.

அப்படி எழுத உட்காருகிறவர்களை எதிர்நோக்கி நிற்கும் பெரிய சங்கடம் கதையின் முடிவு. அரக்கன் மடிவதும், சாபம் நீங்குவதும், இளவரசியின் நோய் தீர்வதுமாக முடியும் கதைகளைச் சொல்லிப் பழகிய நமக்கு, கடைசிப் பக்கத்தில் குழந்தை குணமாகித் துள்ளி ஓடுவதாக எழுதிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அந்த ஆசையை அடக்கத்தான் வேண்டும். அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படிக்கும் குழந்தைக்கு அடுத்த நாள் காலையிலும் ஊசி உண்டு. அதற்கடுத்த நாளும் உண்டு. கதையில் வந்த பையனுக்கு நின்றுபோன ஊசி தனக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை என்று அது கேட்கும். கேட்காவிட்டால் இன்னும் மோசம், தன்னிடத்திலேயே ஏதோ குறையென்று முடிவு செய்துகொள்ளும். வீட்டாரும் கதையை நம்பி, நாட்டு மருந்தொன்று அகப்பட்டதென்று இன்சுலினை நிறுத்திவிடக்கூடும்; முதல் வகை நோயில் இன்சுலினை அடியோடு நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். உண்மையைச் சொன்னால் பிஞ்சு மனம் தாங்காதே என்று சிலர் இரங்குவார்கள். அவர்களுக்கு நான் நினைவூட்ட விரும்புவது, மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர், ரத்தப் புற்றுநோய் கண்ட சிறு குழந்தைகளோடு ஆஸ்பத்திரியில் நெருங்கிப் பழகி 1978 இல் வெளியிட்ட நூலை. பெற்றோரும் வைத்தியர்களும் எவ்வளவோ மறைத்தும், அந்தக் குழந்தைகள் தங்கள் நோயின் கடுமையையும் மருந்துகளின் பெயர்களையும் தாங்களே தெரிந்துகொண்டிருந்தார்கள்; பெரியவர்கள் மனம் நோகக் கூடாதென்று தெரியாததுபோல் நடித்தும் வந்தார்கள். நாம் மௌனம் சாதிப்பதால் குழந்தைக்கு அறியாமை என்ற பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை. அறிந்ததைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாத தனிமைதான் கிடைக்கிறது.

உண்மை பேசுவதென்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் பிற்காலத்தில் நேரக்கூடிய கோளாறுகளை ஏழு வயதுக் குழந்தையின் படக்கதையில் எழுதுவது கொடுமை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுதும் நூலில் அதை விட்டுவிடுவது தவறு. நோய் போகாது, ஆனால் நீ பள்ளிக்குப் போகலாம், பந்து விளையாடலாம், பெரியவனாகலாம் என்ற அளவு உண்மை சிறு குழந்தைக்குப் போதும். அதில் ஒரு சொல்லும் மிகையில்லை. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு, கற்பனை எதுவும் கலக்காத ஒரு கதையே கைவசம் இருக்கிறது. 1922 ஜனவரி 11 ஆம் தேதி, கனடா தேசத்து டொரண்டோ நகர ஆஸ்பத்திரியில், எலும்பும் தோலுமாய் 30 கிலோகூட எடையில்லாமல் கிடந்த லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு, பான்டிங், பெஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த சாறு ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது. முதல் ஊசி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மருந்து போதிய சுத்தமில்லாததால் ஒவ்வாமைதான் உண்டாயிற்று. காலிப் என்ற ரசாயன நிபுணர் இரவும் பகலும் உழைத்து அதைச் சுத்திகரித்துத் தர, ஜனவரி 23 ஆம் தேதி மறுபடியும் ஊசி போட்டார்கள். இம்முறை ரத்தச் சர்க்கரை இறங்கியது. அதற்கு முன்னால் இந்நோய் கண்ட குழந்தைகளுக்குப் பட்டினியே வைத்தியம், மரணமே முடிவு. அந்தப் பையன் அதன்பின் 13 வருஷம் உயிர் வாழ்ந்தான். தினமும் தன்னைக் குத்தும் அந்த ஊசி எங்கிருந்து வந்தது, யாருக்கு முதலில் போடப்பட்டது என்று அறிந்த பிள்ளை, அதைத் தண்டனையென்று எண்ணுவது கடினம்.

இன்னொரு விஷயத்திலும் எழுதுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நோயைச் சொல்ல வரும்போதெல்லாம் யுத்தத்தையும் சேனையையும் அழைத்து வருவது ஒரு பழக்கமாகிவிட்டது. சூசன் ஸான்டாக் 1978 இல் எழுதிய நூலில் இந்தப் போர்ப் பேச்சு நோயாளியின்மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றிவிடுகிறது என்பதைத் தெளிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். முதல் வகைச் சர்க்கரை வியாதியிலோ அது அடியோடு பொருந்தாத பேச்சு. உடம்பைக் காக்கும் வீரர்கள் என்று எந்த நோயெதிர்ப்புச் சக்தியைப் பாடப் புத்தகத்தில் புகழ்ந்து சொல்கிறோமோ, அந்த வீரர்களே இங்கே சொந்த வீட்டைத் தாக்கியவர்கள். இதைச் சேனை, சண்டை, துரோகி என்று படம் வரைந்து காட்டினால், இரவில் படுக்கும்போது தன் உடம்புக்குள்ளேயே தனக்கு விரோதி இருக்கிறான் என்று குழந்தை அஞ்சாதா? அதைவிட, இன்சுலினைச் சாவியாகவும், உயிரணுக்களைக் கதவுகள் பூட்டிய வீடுகளாகவும் சொல்லிக் கொடுக்கும் உலகறிந்த வழக்கம் எவ்வளவோ மேலானது. சாவி தொலைந்துபோய்விட்டது, யார் மேலும் குற்றமில்லை, தினமும் வெளியிலிருந்து சாவி கொண்டுவந்து கொடுக்கிறோம் என்றால் குழந்தைக்கு விளங்கிவிடும். சாப்பாட்டுக்கு முன் ஏன் ஊசி என்பதும் அதிலேயே அடங்கிவிடும்.

கதையின் சூட்சுமமெல்லாம் சின்னச் சின்ன விவரங்களில்தான் இருக்கிறது என்பதற்கு 'லோ' ஆவதை உதாரணமாகச் சொல்லலாம். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது குழந்தைக்குக் கை நடுங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் கோபம் வரும், எழுத்து கோணலாகும். அப்போது உடனே 15 கிராம் அளவு, அதாவது மூன்று தேக்கரண்டி, சர்க்கரையையோ குளுக்கோஸையோ வாயில் போட்டுக்கொண்டு, 15 நிமிஷம் பொறுத்து மறுபடியும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். இந்தக் காட்சியை எழுதும் ஆசிரியர், ஊர் மணம் கமழட்டும் என்று எண்ணி, பையன் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்துத் தின்றான் என்று எழுதிவிட்டால் தீங்காக முடியும். கடலையிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும். பொட்டலத்தில் மடித்த வெறும் சர்க்கரைதான் அங்கே சரி. இனி, சர்க்கரை வியாதிக்காரன் வகுப்பில் உட்கார்ந்து சர்க்கரை தின்கிறான் என்று பக்கத்துப் பையன்கள் சிரிப்பார்கள். ஆசிரியரும் பதறிப்போய், உன் நன்மைக்குத்தான் என்று சொல்லி அந்தப் பொட்டலத்தைப் பிடுங்கி வைத்துவிடக்கூடும். ஆகையால் இந்தப் புத்தகத்தை நோயுள்ள குழந்தைக்கு மாத்திரம் கொடுப்பது பாதிக் காரியந்தான். அந்த வகுப்பே உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். பக்கத்து பெஞ்சில் இருக்கும் தோழி, 'டீச்சர், அவளுக்குக் கை நடுங்குது, பொட்டலத்தை எடுக்கட்டுமா?' என்று கேட்கத் தெரிந்தவளாக வேண்டும்.

பொதுத்தேர்வு எழுதும் நீரிழிவு மாணவர்கள் சிற்றுண்டியும் மாத்திரையும் உடன் கொண்டுவரலாம் என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017 இல் அனுமதித்தது. வகுப்பில் ரத்தம் பரிசோதிக்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், இடையில் ஏதேனும் உண்ணவும் இக்குழந்தைகளை அனுமதிக்க வேண்டுமென்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023 இல் மாநிலங்களுக்கு எழுதியது. இவை நல்ல உத்தரவுகள். ஆனால் உத்தரவு தலைமையாசிரியர் அறையோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கி, மறு வருஷம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில், உப்புமாவும் பொங்கலும் தட்டுக்கு வரும் முன்பாகவே அந்த ஒரு குழந்தைக்கு ஊசி போட்டாக வேண்டும். எந்த இடத்தில், யார் துணையோடு என்று எந்தச் சுற்றறிக்கையும் குழந்தையின் பார்வையில் நின்று விவரிக்க முடியாது. கதையில் வரும் ஒரு பக்கம் விவரித்துவிடும். கழிவறையில் ஒளிந்துகொண்டு ஊசி போட்டுக்கொள்ளும் நிலையிலிருந்து, வகுப்பின் ஒரு மூலையில் சாதாரணமாகச் சட்டையைத் தூக்கி ஊசி போட்டுக்கொள்ளும் நிலைக்கு அந்தக் குழந்தையைக் கொண்டுவருவதற்கு, பார்க்கிறவர்களின் கண் பழக வேண்டும்.

பெண் குழந்தைகளின் சங்கதி தனியே சொல்லத்தக்கது. பிற்காலத்தில் கல்யாணத்துக்குத் தடையாகிவிடும் என்று அஞ்சி, நோய் இன்னதென்று உறவினருக்கும் பள்ளிக்கும் தெரியாமல் மறைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. எட்டு வயதில் ரகசியத்தைச் சுமக்கப் பழக்கப்படுத்தப்பட்ட பெண், விருந்து வீட்டில் ஊசியைத் தவிர்த்துவிடுவாள். தோழிகளுக்கு நடுவில் கை நடுங்கினாலும் வாய் திறக்க மாட்டாள். ஆகவே நம்முடைய கதையின் நாயகி பெண்ணாகவே இருக்கட்டும் என்பேன். அவளுடைய நோய் அவள் தெருவுக்கே தெரிந்திருக்கட்டும். தெருவில் யாரும் அதற்காக அவளைப் பரிதாபமாகப் பார்க்காமலும் இருக்கட்டும்.

பரிசோதனைப் பட்டைகளுக்கே பணமில்லாமல் தவிக்கும் ஏழைக் குடும்பத்துக்குக் கதைப்புத்தகம் ஓர் ஆடம்பரமல்லவா என்ற ஆட்சேபத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. மருந்தும் பட்டையும் முதலில் கிடைக்க வேண்டும். அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் கையில் கொடுத்த மருந்து உடம்புக்குள் போக வேண்டுமே! ஊசியைக் கண்டு கட்டிலுக்கடியில் பதுங்கும் குழந்தையை நாள்தோறும் இருவர் பிடித்து அமுக்கி ஊசி போடும் வீட்டில், அது நீண்ட நாள் ஒழுங்காக நடக்காது. தனக்கு நடப்பது இன்னதென்று விளங்கிக்கொண்ட குழந்தைதான் தன் தொடையைத் தானே காட்டும்; சில வருஷங்களில் தானே போட்டுக்கொள்ளவும் கற்கும். மருந்து எவ்வளவு அவசியமோ, அதைக் குழந்தை தன்னுடையதாக ஏற்றுக்கொள்வதும் அவ்வளவு அவசியம். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, சிறுவர் நூல்களை ஆக்கிப் பரப்புவதை 17 ஆம் பிரிவிலும், ஆரோக்கியத்தைப் பற்றிய அறிவைப் பெற்றோருக்கும் குழந்தைகளுக்கும் அளிப்பதை 24 ஆம் பிரிவிலும் அரசுகளின் பொறுப்பாக்கியிருக்கிறது. இந்தியா 1992 இல் அதை ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டு பொறுப்புகளும் ஒன்றுசேரும் இடத்தில்தான் நான் கேட்கும் புத்தகம் இருக்கிறது.

செலவுக்கும் பெரிய உபாயங்கள் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை, 2023 இல் ஆரம்பித்த வாசிப்பு இயக்கத்தின் மூலம், நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சிறுசிறு கதைப்புத்தகங்களை அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது. எளிய வாக்கியத்தில் எழுதத் தெரிந்தவர்களும், வரையத் தெரிந்தவர்களும், கொண்டுசேர்க்கும் வழியும் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. அந்த வரிசையிலே இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் உள்ள கதைகளை எவரும் இலவசமாக எடுத்து மொழிபெயர்க்கவும் அச்சிடவும் உரிமையுண்டு. அங்கே வெளியிட்டுவிட்டால் தெலுங்குக் குழந்தைக்கும் ஒடியக் குழந்தைக்கும் அது போய்ச்சேரும். மருந்துக் கம்பெனிகள் அச்சிட்டுத் தர முன்வந்தால் நன்றியுடன் மறுத்துவிடுவது நல்லதென்றே கருதுகிறேன். அட்டையில் ஒரு மருந்தின் முத்திரை விழுந்துவிட்டால், உள்ளே இருக்கும் உண்மைக்கும் அந்த முத்திரையின் நிறம் ஏறிவிடும். ஆஸ்பத்திரியிலோ, முதல் இன்சுலின் பாட்டிலை எந்தக் கை கொடுக்கிறதோ, அதே கை அந்தக் கணத்திலேயே புத்தகத்தையும் குழந்தையின் கையில், தாயாரின் கையில் அல்ல, கொடுக்க வேண்டும்.

எழுதுகிறவர் யாராயினும், எழுதி முடித்தவுடன் அதை அச்சகத்துக்கு அனுப்பிவிடக் கூடாது. குழந்தை வைத்தியர் ஒருவரும், ஊசி போடப் பழக்குகிற நர்ஸ் ஒருவரும் முதலில் படித்துப் பிழை களைய வேண்டும். அப்புறம், இந்நோயோடு சில வருஷங்கள் வாழ்ந்துவிட்ட எட்டு வயதுக்காரர்கள், பத்து வயதுக்காரர்கள் நாலைந்து பேரை உட்கார வைத்து, படங்களைக் காட்டி, பக்கம் பக்கமாக வாசித்துக் காட்ட வேண்டும். சாப்பிட்ட பிறகு ஊசி போடுவதாகப் படம் வரைந்திருந்தால் அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். ரத்தம் பரிசோதிக்க விரல் நுனியின் நடுவில் குத்துவதாகக் காட்டியிருந்தால், ஓரத்தில் குத்தினால்தான் வலி குறைவு என்று சொல்லித் தருவார்கள். 'வலிக்கவே வலிக்காது' என்று ஒரு வரி எங்கேயாவது தப்பி நுழைந்திருந்தால், அதை அடிக்கச் சொல்வார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் திருத்திவிட்டு, மறுபடியும் ஒருமுறை அவர்களிடமே வாசித்துக் காட்டிய பின்பு அச்சுக்குக் கொடுக்கலாம்.